என் ஆராய்ச்சியைக் கடைப்பிடித்த குடும்பம்

நான் எழுதிய ஒரு மருத்துவக் கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள், எந்தெந்த நாட்டில் திறந்தார்கள் என்று காட்டுகிற இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. திறந்தவர்கள் படித்தார்களா என்று அது சொல்லாது. அவ்வளவு தூரம் அடுத்தவர் விஷயத்தில் தலையிடும் பழக்கம் அதற்கு இல்லை. ஒரு வட்டம், அதைச் சுற்றிக் கலர் கலராக வளையங்கள், நடுவில் ஒரு எண், அவ்வளவுதான். எங்கள் கல்லூரிப் பேராசிரியர்கள் காலையில் ரத்த அழுத்த மாத்திரை போடுவதற்கு முன்னால் இந்த வட்டத்தைப் பார்க்கிறார்கள். மாத்திரைக்கான தேவை வருவதே அதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதை இன்னும் கட்டுரையாக எழுதவில்லை.

எனக்கு வீடு விழுப்புரத்தில். தினமும் பஸ் பிடித்துத் திண்டிவனம் பக்கம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறேன். பெயரைச் சொன்னால் எனக்குச் சம்பளம் தருகிறவர்கள் மனம் வருந்துவார்கள். சமூக மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியர். முகையூரில் இருக்கும் என் வீட்டுக்காரரின் சித்தி ஒவ்வொரு பொங்கலுக்கும் தவறாமல் கேட்பார்.

"ஊசி போடுவியா?"

"இல்ல சித்தி."

"ஆபரேஷன்?"

"அதுவும் இல்ல."

"அப்ப நீ இன்னா டாக்டரு?"

எங்கள் துறை பெருமுக்கல் பக்கத்தில் ஒரு கிராம சுகாதார மையம் நடத்துகிறது. வாரத்தில் சில நாள் நான் அங்கே உட்கார்ந்து நோயாளிகளைப் பார்ப்பேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பருவம் வந்தால் பாம்புக்கடி வரும். இந்தப் பக்கத்தில் பாம்பு கடித்தது என்று சொல்ல மாட்டார்கள், பூச்சி தொட்டுவிட்டது என்பார்கள். பூச்சி தொட்டதும் முதலில் செய்வது, கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவது. கோணிக் கயிறு, நைலான் கயிறு, பம்புசெட் பெல்ட், கையில் எது கிடைக்கிறதோ அது. கட்டினால் விஷம் ஏறாது என்று நம்பிக்கை. விஷத்துக்கு இந்த நம்பிக்கை தெரியாது, அது பாட்டுக்கு ஏறும். ஏறாமல் நிற்பது ரத்தம்தான். ஒரு முறை டிராக்டர் ஓட்டுகிற ஒருவரின் கால் என் கண் முன்னால் கறுத்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டுரையை எழுதினேன். கட்டாதீர்கள், காலை அசைக்காமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்பதுதான் அதன் சாரம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு காலாவது மிஞ்ச வேண்டும் என்பதுதான் என் ஆசை. பதவி உயர்வும் வேண்டும்தான். ஆனால் கால்தான் முதலில்.

கட்டுரையில் என் பெயருக்கு முன்னால் துறைத் தலைவர் பெயர் வந்தது. அவர் பாம்பைப் பார்த்தால் ஜீப்பைவிட்டு இறங்க மாட்டார். அவருக்குப் பின்னால் கல்லூரி முதல்வர். அதற்கப்புறம் எக்ஸ்ரே துறைக்காரர் ஒருவர், எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாம்பின் பெயரைச் சேர்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, இத்தனைக்கும் எங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் களப்பணி செய்தது அதுதான்.

கட்டுரை வெளிவந்ததும் அதை வேறு யாராவது தங்கள் கட்டுரையில் குறிப்பிட வேண்டும். அதற்கு சைட்டேஷன் என்று பெயர். அது இல்லாத கட்டுரை கல்யாணமாகாத பெண் மாதிரி, பார்க்கிறவர்களெல்லாம் விசாரிப்பார்கள். இதற்காக எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கல்யாண வீட்டு மொய் மாதிரிதான். நீ என்னுடையதைக் குறிப்பிடு, உன் வீட்டு விசேஷத்துக்கு நான் வந்து குறிப்பிடுகிறேன். அப்படி எனக்கு முதலில் வந்த மொய் சிறுநீரகக் கல் பற்றிய ஒரு கட்டுரையிலிருந்து. கிராமத்து மக்கள் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறார்கள் என்பதற்கு என் பாம்புக் கட்டுரையைச் சான்று காட்டியிருந்தார்கள். என் கட்டுரையில் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை.

இரண்டாவதாக வந்தது இன்னும் அருமை. எங்கோ வெளிமாநிலத்தில் ஒருவர், இறுக்கிக் கட்டுவது நல்ல பலன் தரும் என்று எழுதி, அதற்கு என் கட்டுரையை ஆதாரமாகப் போட்டிருந்தார். நான் சொன்னதற்கு நேர் எதிர். நான் பதறிப்போய்த் துறைத் தலைவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"சைட்டேஷன் சைட்டேஷன்தாம்மா. கணக்குல ஏறிடுச்சில்ல?"

ஏறிவிட்டது. வட்டத்துக்குத் திட்டும் ஒன்றுதான், பாராட்டும் ஒன்றுதான். தலைகீழாகப் புரிந்துகொண்டவருக்கும் அதே ஓர் எண்தான்.

இந்த நேரத்தில் கல்லூரியின் தரத்தை மதிப்பிட ஒரு கமிட்டி வருவதாகச் செய்தி வந்தது. சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். நூலகத்தில் புத்தகங்களைத் தூசி தட்டினார்கள், பல வருஷங்களுக்குப் பிறகு அவை தும்மின. துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, சைட்டேஷன் மட்டும் பத்தாதாம். இந்த வாட்டி சொசைட்டல் இம்பாக்ட் கேக்கறாங்க. நம்ம ஆராய்ச்சியால ஜனங்ககிட்ட இன்னா மாற்றம் வந்துச்சுன்னு காட்டணும். உன் பாம்பு பேப்பரைத்தான் காட்டப்போறேன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதற்காகத்தானே காத்திருந்தேன்.

"சார், வேன் ஒண்ணு குடுங்க. பெருமுக்கல் சுத்தி ஊர் ஊராப் போய்ச் சொல்லிட்டு வர்றேன். கட்டாதீங்கன்னு கொல்லையிலயே நின்னு செஞ்சு காட்டறேன்."

"வேன் கமிட்டிக்காரங்களைக் கூட்டியாரப் போவுது. அதுவுமில்லாம, நீ போய் வாயால சொன்னா அதுக்கு ப்ரூஃப் இன்னாம்மா இருக்கும்?"

ப்ரூஃபுக்கு அவர் கண்டுபிடித்த வழி பேனர்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பேனர் இல்லாமல் எதுவும் நடந்ததாகக் கணக்கில் வராது. காது குத்துக்குப் பேனர், மஞ்சள் நீராட்டுக்குப் பேனர், கண்ணீர் அஞ்சலிக்குப் பேனர். செத்தவரும் புதுமாப்பிள்ளையும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பார்கள், பின்னால் ஒரே அருவி கொட்டும். மருத்துவ ஆராய்ச்சிக்கு மட்டும் என்ன குறைச்சல்?

ஒரு காலை நேரம் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். பெருமுக்கலுக்குத் திரும்புகிற இடத்தில், தலைக்கு மேலே நான் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் யாரோ கம்ப்யூட்டரில் மாட்டிவிட்ட ஸ்டெதஸ்கோப். மேலே கல்லூரித் தலைவர் ஆளுயரத்துக்கு, அடுத்து முதல்வர், அடுத்துத் துறைத் தலைவர், கடைசியில் நான். "உலகம் போற்றும் பாம்புக்கடி ஆராய்ச்சி! வாழ்த்துகிறோம்!" என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. பொய் சொல்வானேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. செல்போனை எடுத்து ஒரு படம்கூடப் பிடித்தேன். வீட்டுக்காரருக்கு அனுப்பலாம் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்த காலைக் கவனித்தேன்.

அது என் கட்டுரையில் வந்த படம். முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு கால். இப்படிச் செய்யாதீர்கள் என்பதற்காகப் போட்ட படம், அதன் மேல் பெரிதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டிருந்தேன். பேனரில் கால் இருந்தது, கயிறு இருந்தது, பெருக்கல் குறியைக் காணவில்லை. கட்டாதீர்கள் என்று ஒரு வார்த்தையும் இல்லை. ஒரு டாக்டர், பக்கத்தில் கட்டுப் போட்ட கால், கீழே வாழ்த்து. பார்க்கிற யாருக்கும் என்ன தோன்றும்?

நேராகத் துறைத் தலைவர் அறைக்குப் போனேன்.

"சார், அந்த கிராஸ் மார்க் எங்க?"

"நான்தாம்மா எடுக்கச் சொன்னேன். வாழ்த்துப் பேனர்ல ரத்தச் செவப்புல பெருக்கல் போட்டா நல்லாவா இருக்கும்? அதுவும் உன் மூஞ்சிக்குப் பக்கத்துல. அபசகுனமா இருக்குதுல்ல?"

"சார், கட்டறதுதான் தப்புன்னு நம்ம பேப்பரே சொல்லுது. இதைப் பாத்தா நாமளே கட்டச் சொல்ற மாதிரி இருக்கு."

"கமிட்டி வந்துட்டுப் போவட்டும், அப்புறம் கழட்டிடலாம். பேனரை எவன்மா நின்னு படிச்சிக்கினு இருக்கான்? சும்மா பேஜாரு பண்ணாத."

அதே பேனரின் சிறிய வடிவம் ஒன்று சுகாதார மையத்துச் சுற்றுச்சுவரிலும் கட்டப்பட்டிருந்தது. அன்று மதியமே காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை எடுத்து அந்தக் காலின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி நானே ஒரு பெருக்கல் குறி போட்டேன். பேனருக்கு முதலுதவி செய்த ஒரே மருத்துவர் நானாகத்தான் இருப்பேன். மறுநாள் வந்து பார்த்தால் பிளாஸ்டரைப் பிய்த்துச் சுத்தமாகத் துடைத்துவைத்திருந்தார்கள். யாரோ விஷமிகள் கல்லூரிப் பேனரைச் சேதப்படுத்தியதாக வாட்ஸப் குழுவில் ஒரு கண்டனமும் வந்தது. அதற்கு முதலில் கட்டைவிரல் உயர்த்தியவர் எக்ஸ்ரே துறைக்காரர்.

இதற்கிடையில் அந்தப் பேனரைப் படம் பிடித்து எங்கள் பழைய மாணவர்கள் பரப்பத் தொடங்கினார்கள். கோட்டக்குப்பத்துப் பையன் ஒருவன், எங்களிடம் படித்துவிட்டு வளைகுடாவில் வேலை பார்க்கிறவன், கட்டுரையின் இணைப்போடு சேர்த்து அதைப் பகிர்ந்தான். அவன் நண்பர்கள் பகிர்ந்தார்கள். வட்டத்தில் புதுக் கலரில் ஒரு வளையம் முளைத்தது, நடுவில் இருந்த எண் நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போனது. பாலைவனத்து ஏசி அறைகளில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் பெருமுக்கல் மல்லாட்டைக் கொல்லைப் பாம்பைப் பற்றிக் கவலைப்பட்டு இதயம் போட்டார்கள். துறைத் தலைவர் அந்தப் பக்கத்தைக் கலரில் அச்சிட்டுச் சட்டம் போட்டுத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார்.

கமிட்டி வருவதற்கு முந்தைய வாரம், காலையில் மையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஷேர் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. ஒருவர் தன் மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கினார். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே நைலான் கயிறு. அதற்குக் கீழே கால் கறுத்திருந்தது. தொட்டேன். சில்லென்று இருந்தது.

"எப்ப கடிச்சது?"

"நேத்து சாய்ங்காலம்ங்க. மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தது, வாய்க்கா ஓரம் பூச்சி தொட்டுடுச்சு" என்றார் கணவர்.

"நேத்தா? உடனே ஏன் வரல? ஜல்தியா வந்திருக்கலாமில்ல?"

"அதான் கட்டிட்டமேங்க."

அவர் குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகச் சுவரைக் காட்டினார்.

"நீங்கதான் போட்டோ போட்டு வெச்சிக்கீறீங்களே. அதுல இருக்கிற மாதிரியே அதே எடத்துல பாத்துக் கட்டுனேங்க. டாக்டரம்மாவே சொல்லிக்கீறாங்க, இனி வெசம் ஏறாதுன்னு தைரியமா இருந்துட்டோம். ராவெல்லாம் வலிக்குது வலிக்குதுன்னு கத்திக்கினே இருந்துச்சு. வெசம் எறங்குது, பொறுத்துக்கன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. டாக்டர் கேட்பார் என்று அடித்த பூச்சியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பையைத் திறந்து பார்த்தேன். தண்ணிப் பாம்பு. விஷமே கிடையாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு தடுப்பூசி போட்டுக்கொண்டு அன்றே வீட்டுக்குப் போய்ச் சோறாக்கியிருக்கலாம்.

கயிற்றை அறுத்தெடுத்தேன். ஆம்புலன்ஸை வரவழைத்துக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். வண்டி போனதும் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, கட்டுப் பிரிக்கிற கத்திரியால் அந்தப் பேனரை அறுத்துக் கீழே தள்ளினேன். என் முகம் இரண்டாகக் கிழிந்தது. அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்கவில்லை. சாலைத் திருப்பத்தில் இருந்ததைக் கழற்ற ஏணி வேண்டும் என்றார்கள். ஏணிக்கு அனுமதி வேண்டும் என்றார்கள். ஆட்டோக்காரரே ஏறி அறுத்துப் போட்டார்.

காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"படத்துல இருந்தாப்லதானம்மா கட்டுனாரு. எதுலம்மா தப்பு பண்ணாரு? அவரு சாப்பிடாம உக்காந்துக்கினு இருக்காரு, கொஞ்சம் சொல்லுங்க."

அவர் தப்பே செய்யவில்லை, கட்டவே கூடாது, அந்தப் பேனரில் இருந்ததுதான் தப்பு என்று அவர்கள் இருவருக்கும் சொன்னேன். நன்றாகப் புரியும்படி, திரும்பத் திரும்பச் சொன்னேன். என் ஆராய்ச்சியின் முடிவை நான் நேருக்கு நேர் விளக்கிச் சொன்ன முதல் வாசகர்கள் அவர்கள்தான். கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மட்டும், "அப்ப அதுல அப்பிடிப் போடலாமா?" என்று கேட்டார்.

கமிட்டி வந்தது. பேனரை நான் அறுத்துவிட்டதால் துறைத் தலைவர் அதன் படத்தைத் திரையில் காட்டினார். வட்டத்தையும் காட்டினார். வளையங்கள் பளபளத்தன. கமிட்டியில் ஒருவர், ஆராய்ச்சி மக்களிடம் இவ்வளவு நேரடியாகப் போய்ச் சேர்ந்திருப்பது அபூர்வம் என்று பாராட்டினார். ஒரு குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியும் என்றேன், அவர்கள் மேல்மாடி வார்டில்தான் இருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாமா என்றேன். நேரம் இல்லை, மதியச் சாப்பாடு தயாராக இருந்தது.

சில மாதம் கழித்து எங்கள் முதுநிலை மாணவி தயங்கித் தயங்கி என் அறைக்கு வந்தாள்.

"மேம், நம்ம பேப்பருக்கு இன்னொரு சைட்டேஷன் வந்திருக்கு."

எங்கள் கல்லூரி அறுவைச் சிகிச்சைத் துறைக்காரர்கள் எழுதிய கட்டுரை. இறுக்கிக் கட்டியதால் கால் அழுகிய ஒரு பெண்ணைப் பற்றியது. பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு விவசாயப் பெண்மணி, அவ்வளவுதான். இந்த வட்டாரத்தில் இப்படிக் கட்டும் பழக்கம் இருக்கிறது என்பதற்கு என் கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தார்கள். முதல்முறையாக என்னைச் சரியாகப் புரிந்துகொண்டு ஒருவர் குறிப்பிட்டது அதுதான். அந்தக் காலின் படமும் இருந்தது. கயிறு பதிந்த இடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். எண் ஒன்று கூடியிருந்தது. அந்த மாதமே எனக்குப் பதவி உயர்வுக் கடிதம் வந்தது. துறைத் தலைவர் எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்தார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை வியாதியா என்று எக்ஸ்ரே துறைக்காரர் அக்கறையோடு விசாரித்தார்.

அடுத்த மல்லாட்டைப் பருவத்தில் மையத்துக்கு ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த முறை கண்ணாடி விரியன், நிஜமான விஷம். ஆனால் காலில் கட்டு இல்லை. ஒரு பலகையில் காலை நீட்டி அசையாமல் வைத்து, கடித்த உடனே கொண்டுவந்திருந்தார்கள். என்னால் நம்ப முடியவில்லை. யார் கட்ட வேண்டாம் என்று சொன்னது என்று கேட்டேன்.

"எதிர் வீட்டு அக்காங்க. நான் கவுறு எடுத்துக்கினு ஓடுறேன், அது கட்டைக்காலை ஊனிக்கினு குறுக்க வந்து நின்னுடுச்சு. கட்டுனீன்னா இப்பிடித்தான் ஆவும்னு புடவையைத் தூக்கிக் காட்டுச்சு. அப்பிடியே கவுத்தைப் போட்டுட்டேன்" என்றான் அவர் தம்பி.

மருந்து ஏற்றிப் பிழைக்கவைத்து அனுப்பினோம். போகும்போது தன் இரண்டு காலாலும் நடந்து பஸ் ஏறினார். அந்த ஊரில் இப்போது யாரும் கட்டுவதில்லையாம். கல்லூரிக்குப் போனதும் இதைத் துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் உண்மையிலேயே மகிழ்ந்துபோனார்.

"இதாம்மா இம்பாக்ட்! அடுத்த கமிட்டிக்கு இதைத்தான் காட்டணும். ஆனா இதுக்கு ப்ரூஃப் இன்னா காட்டறது?"

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அந்தம்மாவையே கூட்டியாந்து கமிட்டி முன்னால ஒரு சேர்ல உக்கார வெச்சிடலாம் சார். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லலாம்."

அவர் பேனாவைத் திறந்து, அந்த அம்மா எந்த ஊர் என்று கேட்டார்.